உல்போசினின் நான்கு தட்டுகள்

என் தம்பி பெண்டாட்டி உல்போசினைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமானவன் எவனாவது இருந்தால் அவன் எழுதியிருப்பான். இல்லை. பிளேக் நோயைக் கண்காணிக்கும் எங்கள் நிலையத்துப் பழைய ஆட்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு அவளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். அதனால் நானே எழுதுகிறேன். என் பெயர் பல்தாபெக். முப்பத்து நான்கு வருஷம் அந்த நிலையத்தின் வண்டியை ஓட்டியவன்.

அவள் வீட்டில் ஐந்தாவது பெண். உல்போசின் என்றால் ‘ஆண் பிறக்கட்டும்’. வேண்டுதலையே பெயராக வைத்துவிட்டான் அப்பன். ஆறாவதும் பெண்ணாகப் பிறந்தபோது இவளைப் போட்டு அடித்தானாம், பேருக்கேற்ற காரியம் செய்யவில்லை என்று. பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்து இறங்கினாள். தவ்கூம் பாலைவன மணலுக்கு நடுவே ஐந்து வீடு, ஓர் ஆய்வுக்கூடம், ஒரு கிணறு, ஒரு வண்டி. சுற்றிலும் மணலெலி வளைகள். அவ்வளவுதான் நிலையம்.

பிடித்து வரும் எலியின் ரோமத்தைச் சீவித் தெள்ளுப்பூச்சிகளைத் தட்டி எடுப்பது அவள் வேலை. எண்ணி, அரைத்து, அரைத்ததை அகார் என்ற கூழ் ஊற்றி உறையவைத்த தட்டில் தேய்த்து, பிளேக் கிருமி முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிருமிக்கு வேண்டிய இறைச்சிச் சாற்றைக் காய்ச்சுவதும் அவள்தான். அவள் கை பட்ட சாறு கண்ணாடி மாதிரி இருக்கும். வேறு யார் காய்ச்சினாலும் கலங்கித்தான் வரும். வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். சிரித்தால் மட்டும் ஐந்து வீட்டுக்கும் கேட்கும்.

என் தம்பி எசென் எலி பிடிப்பவன். ஊரில் மற்றவர்கள் மனசுக்குப் பிடித்த பெண்ணுக்கு மிட்டாய் வாங்கிப் போவார்கள். இந்தப் பைத்தியக்காரன் கூண்டு நிறைய எலியோடு போய் நிற்பான். “நல்லா கொழுத்த எலியா பாத்துப் புடிச்சேன், பூச்சி நெறைய இருக்கும்” என்பான். அவளும் அதற்கு மயங்கினாள். எட்டு வருஷம் வாழ்ந்தார்கள். குழந்தையில்லை. அதற்கும் எங்கள் வீட்டில் அவளைத்தான் சொன்னோம்.

தொண்ணூற்றெட்டு அக்டோபரில் எசென் செத்தான். முதல் பனி விழுந்த வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் செய்வதை அவளும் செய்தாள். ஆட்டை அறுத்து, ஆவி பறக்கும் பச்சைத் தோலில் அவனைச் சுருட்டி, மேலே கம்பளம் போட்டு வேர்க்க வைத்தாள். சனிக்கிழமை அவன் தொடை இடுக்கில் கட்டி புடைத்தது. பிளேக். எலி பிடிக்கிறவனுக்கு எலியின் நோய். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தத் தோலிலேயே அடங்கிவிட்டான். ரத்தம் எடுத்துச் சோதிக்க வேறு ஆளில்லாததால், புருஷன் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துத் தட்டில் தேய்த்தவளும் அவள்தான்.

அந்தத் தட்டில் முளைத்த கிருமி நிலையத்தின் குளிர்பெட்டிக்குப் போனது. எண் பதினான்கு, தொண்ணூற்றெட்டு. வருஷத்துக்கு இரண்டு முறை பழைய குழாயிலிருந்து புதுச் சாற்றுக்கு மாற்றாவிட்டால் கிருமி செத்துப்போகும். மாற்றுவது அவள் வேலை. “என்ன உல்போசின், வீட்டுக்காரனுக்குச் சோறு போட்டாச்சா?” என்று முதலில் கேட்டவன் நான். நல்ல கிண்டலாக இருக்கிறதென்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

நினைவு நாள் விருந்துகளில் அவள் சமைத்த கறியைத் தின்றுகொண்டே, “எசெனையும் இப்படித்தான் பதமா வேக வச்சா” என்பேன். உறவுக்காரர்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வார்கள். அவள் எழுந்து போகமாட்டாள். இன்னும் கொஞ்சம் கறி போடட்டுமா என்று கேட்பாள்.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நகரத்திலிருந்து எந்த மருத்துவர் வந்தாலும், கிளம்பும் நேரத்தில் வண்டி அருகே வந்து நின்று கேட்பாள்: “டாக்டர், அந்தத் தோல்ல சுத்தாம விட்டிருந்தா பொழைச்சிருப்பாரா?” ஒருவர், கடவுள் சித்தம் என்றார். இன்னொருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தொரு வருஷம் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் தில்னாஸ் என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும், நகரத்துப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர். எங்கள் குளிர்பெட்டியிலிருந்து சில குழாய்கள் வேண்டுமாம். கொடுப்பதற்கு முன் எங்கள் தலைவி வலெந்தினா கார்லோவ்னா ஒரு நிபந்தனை போட்டார். என்ன செய்யப் போகிறாள் என்று எல்லோருக்கும் விளங்கும்படி சொல்ல வேண்டும், வண்டிக்காரன் உட்பட. அப்படித்தான் நானும் அந்தக் கூட்டத்தில் தேநீரும் வறுத்த மாவு உருண்டையுமாக உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். “கிருமிகிட்ட ஆயுதம் இருக்கு அண்ணே, ஊசி மாதிரி. நம்ம ரத்த அணுவைக் குத்தி உள்ள விஷத்தை ஏத்தும். ஆனா தெள்ளுப்பூச்சி வயித்துல அது எதுக்கு? வீண் செலவு. அதனால அங்க செய்யாது.”

“அதுக்கு எப்படித் தெரியும், பூச்சிக்குள்ள இருக்கோமா மனுஷனுக்குள்ள இருக்கோமான்னு?” என்று கேட்டேன்.

“அதைத்தான் நான் படிக்கிறேன். ஜீன்ல இருக்கிற உத்தரவை ஆர்.என்.ஏ.ங்கிற ஒரு இழையில நகலெடுக்கும். அந்த நகலைப் படிச்சாத்தான் ஆயுத வேலை நடக்கும். பூச்சியோட உடம்பு இருபத்தாறு டிகிரி. அந்தக் குளிர்ல இழை தன்மேலயே மடிஞ்சு ஒட்டிக்கிட்டுக் கிடக்கும், படிக்க முடியாது. மனுஷ உடம்புக்குள்ள வந்து முப்பத்தேழு ஆச்சுன்னா மடிப்பு பிரிஞ்சிடும். படிச்சிடும். ஆயுதம் ரெடி. இதுபோக குட்டிக் குட்டி ஆர்.என்.ஏ.வும் இருக்கு. அதுங்க போய் வேற நகல் மேல ஒட்டிக்கிட்டு, இதைப் படி, இதைப் படிக்காதேன்னு அதிகாரம் பண்ணும்.”

உல்போசின் கடைசி பெஞ்சில் இருந்தாள். முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்தாள். “சுண்ணாம்புச் சத்தை எடுத்துட்ட தட்டுல, முப்பத்தேழுல வச்சா கிருமி வளராம நின்னுடுமே. அதுவும் இதனாலதானா?”

“அதேதான் அக்கா! ஆயுதம் செய்யப் போயிடுது, வளர்றதை விட்டுடுது. தட்டு மொட்டையா இருந்தா ஆயுதம் வெளிய வந்தாச்சுன்னு அர்த்தம். எத்தனை வருஷமா இந்தச் சோதனை செய்றீங்க?”

“முப்பது வருஷம். ஏன்னு யாரும் சொன்னதில்ல.”

எனக்கு உள்ளுக்குள் குறுகுறுவென்று ஒரு சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை. “அப்போ தங்கச்சி,” என்று தில்னாஸிடம் கேட்டேன், “சூடுதான் தொறக்குதுன்னா, காய்ச்சல்ல கிடக்கிற ஆளை ஆட்டுத்தோல்ல சுருட்டி இன்னும் சூடாக்கினா?”

பாவி மகளுக்கு எங்கள் கதை தெரியாது. விளையாட்டாகச் சிரித்தாள். “அய்யோ அண்ணே, அது கதவை விரியத் தொறந்து வச்சு வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி!”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பியது. உல்போசின் கோப்பையைக் கீழே வைத்தாள், எழுந்து வெளியே போனாள். தில்னாஸ் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்து, “நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டாள். “இல்லம்மா, சரியாத்தான் சொன்னே” என்றேன் நான். அடுத்த நாள் காலை அவளையும் குழாய்களையும் ரயிலடியில் கொண்டுபோய் விட்டேன். வழியில் அவள் இரண்டு தடவை கேட்டாள். நான் வேறு பேச்சை எடுத்தேன்.

அந்த வாரம் முழுக்க நிலையத்தில் உல்போசினைப் பார்த்து யாரும் சரியாகப் பேசவில்லை. இருபது வருஷமாகக் கிண்டல் செய்தவர்களுக்கே வாய் கட்டிப்போனது. இவ்வளவு நாள் அது வம்புப் பேச்சு. இப்போது படித்தவளே சொல்லிவிட்டாளே! நான்தான் விடவில்லை. கிணற்றடியில் பார்த்து, “கேட்டேல்ல? கதவைத் தொறந்து விட்டியாம்” என்றேன்.

“கேட்டேன் மாமா.”

“இனிமே டாக்டருங்க பின்னாடி ஓடமாட்டியே?”

“மாட்டேன். இனி யாரையும் கேக்க வேண்டாம்.” வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை, அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, ஆய்வுக்கூடத்து ஜன்னலைத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். உள்ளே அங்கி, இரட்டைக் கையுறை, முகமூடி என்று முழு வேஷத்தில் நின்றாள். கண் மட்டும் தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூடிய தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். முதல் தட்டில் கிருமி திட்டுத் திட்டாக முளைத்திருந்தது. அடுத்த மூன்றும் மொட்டை. காட்டிவிட்டு அவற்றை உள்ளே வைத்துப் பூட்டி, அங்கியைக் கழற்றி, கை கழுவி வெளியே வந்தாள். உடம்பெல்லாம் குளோரின் வாடை.

“என்னது அது?” என்றேன்.

“உங்க தம்பி. பதினாலாம் நம்பர். சுண்ணாம்புச் சத்து எடுத்த தட்டுல தேச்சேன். ஒண்ணு இருபத்தாறு டிகிரில, பூச்சியோட சூட்டுல. வளந்துச்சு, பாத்தீங்கல்ல? அப்ப ஆயுதம் உள்ள மூடிக் கிடக்கு. அடுத்தது முப்பத்தேழு. மொட்டை. அதுக்கப்புறம் தட்டு வைக்கிற சூட்டுப்பெட்டியை முப்பத்தொம்பதுக்கு ஏத்தினேன், அப்புறம் நாப்பத்தொண்ணு. ரெண்டும் மொட்டை.”

“சரி, அதுக்கென்ன இப்போ?”

“முப்பத்தேழுக்கும் நாப்பத்தொண்ணுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல மாமா. முப்பத்தேழுலயே முழுசா தொறந்தாச்சு. அதுக்கு மேல தொறக்க என்ன பாக்கி இருக்கு? முப்பத்தேழுங்கிறது அவர் உடம்பு. அவர் ரத்தம். பூச்சி கடிச்ச அன்னைக்கே தொறந்திருச்சு. நான் தோலை எடுக்கிறதுக்கு முன்னாடியே. அந்தப் பொண்ணு தெரியாம சொன்னது தப்பு. மூணு தடவை திருப்பித் திருப்பிச் செஞ்சு பாத்துட்டேன்.” கடைசி வார்த்தைக்கு அவள் குரல் உடைந்தது. “நான் கொல்லல மாமா. நான் கொல்லல.”

கல் மனசுக்காரனும் அந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பான். நான் வண்டி நின்ற பக்கம் பார்த்தேன். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். “அப்ப அவரைக் கொன்னது தோல் இல்ல. ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பார். நம்ம மருந்தலமாரி அந்த வருஷம் காலி. ஊசி மாவட்ட ஆஸ்பத்திரியில இருந்துச்சு. வெள்ளிக்கிழமை காலையில வண்டி எங்க மாமா போச்சு?”

இதை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் வண்டியைக் கிளப்பினேன். மாவட்டத் தலைநகரில் ஒரு பணக்காரன் வீட்டுக் கல்யாணம், மூன்று நாள் கோக்பர் ஆட்டம். தலையில்லாத ஆட்டுக்காகக் குதிரை மேல் முட்டி மோதிக்கொள்ளும் அந்த ஆட்டத்துக்கு நான் அடிமை. அப்போதிருந்த தலைவர் ஊரில் இல்லை, தொலைபேசிக் கம்பியைத் திருடர்கள் அறுத்திருந்தார்கள், இருந்தது ஒரே வண்டி. உல்போசின் தலையில் துணிகூட இல்லாமல் பனியில் பின்னால் ஓடிவந்து கதவை அடித்தாள். “மாமா, அவருக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஒரு நிமிஷம் வந்து பாருங்க” என்றாள். நான் இறங்கவில்லை. “சளிக்காய்ச்சல்தான். ஒரு ஆட்டை அறுத்துத் தோல்ல சுத்திப் போடு, சரியாயிடும்” என்றேன். ஆமாம். தோலைச் சொன்னவனே நான். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது தம்பியை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். வண்டிப் பதிவேட்டில் ‘எரிபொருள் எடுக்க’ என்று எழுதினேன். அவள் வாயைத் திறப்பதற்கு முன், அவள்தான் வேக வைத்துக் கொன்றாள் என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். அவளும் நம்பிவிட்டாள். நம்பியதால் வண்டியைப் பற்றிக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

“எரிபொருள் எடுக்கப் போனேன்” என்றேன்.

“மூணு நாளா?”

“பதிவேட்டுல இருக்கு, போய்ப் பாரு!” என்று கத்திவிட்டு நடந்தேன். நேராக வலெந்தினா கார்லோவ்னாவின் அறைக்குப் போனேன். அனுமதி இல்லாமல் உயிருள்ள பிளேக் கிருமியை எடுத்துத் தனியாக வேலை செய்கிறாள், பெட்டியின் சூட்டை மாற்றுகிறாள், மூளை குழம்பிவிட்டது, நாளைக்கு யாராவது செத்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, மூளை குழம்பியதைத் தவிர. எங்கள் வேலையில் அனுமதியில்லாமல் கிருமியைத் தொடுவதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அந்தத் தட்டுகளை மற்றவர்கள் பார்ப்பதற்கு முன் அவை ஒழிய வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றே தட்டுகளைக் கிருமியைக் கொல்லும் நீராவிக் கலத்தில் போட்டார்கள். பதினான்காம் எண் குழாய்களையும் சேர்த்துப் போட்டார்கள். நூற்றிருபது டிகிரியில் ஒரு மணி நேரம். உல்போசினை வெளியே நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கலம் சீறி நின்றதும், “முடிஞ்சுதா?” என்று மட்டும் கேட்டாள்.

மூன்றாம் நாள் விசாரணை. ஏன் செய்தாய் என்று வலெந்தினா கார்லோவ்னா கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தோலை, தட்டை, சூட்டை, கடைசியில் வண்டியை. பன்னிரண்டு பேர் கேட்டார்கள். தலைவி என் பக்கம் திரும்பினார்.

“பல்தாபெக், இது உண்மையா?”

“எரிபொருள் எடுக்கப் போனேன், வலெந்தினா கார்லோவ்னா. பதிவேட்டுல எழுதியிருக்கு.”

அவர் பேனாவை மூடினார். “உல்போசின், உன் புருஷன் செத்து இருபத்தொரு வருஷம் ஆச்சு. வண்டி எங்க போச்சுங்கிறது இன்னைக்கு விசாரணையில இல்ல. அனுமதியில்லாம உயிருள்ள கிருமியைத் தொட்டியா?”

“தொட்டேன்.”

“அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

வேலை போனது. வேலையோடு நிலையத்து வீடும் போனது. பத்து நாளில் காலி செய்யச் சொன்னார்கள். முப்பது வருஷம் அவளிடம் சாறு வாங்கியவர்களில் ஒருத்தி மட்டும் வந்து பாத்திரங்களைக் கட்டிக் கொடுத்தாள். மற்றவர்கள் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்தார்கள். அவளைப் பேருந்தில் ஏற்றிவிடும் வேலை யாருக்கு வரும்? வண்டி என்னுடையது.

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். இரண்டு மூட்டை, ஒரு பெட்டி. எவ்வளவு சொல்லியும் பின்னால் உட்காராமல் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். நல்ல வெயில், மணல் பாதை காய்ந்து இறுகியிருந்தது. பாதி வழி போனோம். எனக்குத்தான் தாங்கவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன்.

“திரும்பிடலாமா? நான் கார்லோவ்னாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். என்னை வேலையை விட்டு நிறுத்தினாலும் நிறுத்தட்டும்.”

அவள் கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். “வண்டியை எடுங்க மாமா. நிக்காதீங்க.”

“நான் மனசார சொல்றேன்.”

“எடுங்க.”

எடுத்தேன். அதன்பிறகு எங்கும் நிறுத்தவில்லை. மாவட்டத் தலைநகரில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பேருந்து நிலையத்தில் மூட்டைகளை இறக்கி வைத்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, ஆறாவதாகப் பிறந்த தங்கை வீட்டுக்கு என்றாள். அங்கே சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“மாமா, நாம எத்தனை மணிக்குக் கெளம்பினோம்?”

“ஏழரைக்கு.”

“இப்ப ஒம்போது நாப்பது.” விரலை மடக்கி ஒரு தடவை எண்ணினாள். என் முகத்தைப் பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். “வழியில நின்னதையும் சேத்து ரெண்டு மணி பத்து நிமிஷம்தான் ஆகுது மாமா.”

பேருந்து வந்தது. மூட்டையை நான் தூக்கப் போனேன், தொடவிடவில்லை. தானே ஏற்றிக்கொண்டாள், ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அவள் திரும்பிப் பார்க்கிறாளா என்று கடைசி வரை நின்று பார்த்தேன். பார்க்கவில்லை.

நான் வண்டியைத் திருப்பினேன். நிலையத்து வாசலில் நிறுத்தி மணியைப் பார்த்தபோது பன்னிரண்டடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுப்பு அப்போதுதான் மூட்டியிருந்தார்கள்.